முடிவுக்குப் பின்னும் ஏன் இந்த மறைப்பு?

இந்தியாவெங்கும் கல்லூரி விழாக்களிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் ரங்கோலி, அத்தப்பூக்கோலம், களிமண் சிற்பம், பூத்தையல் எனப் பல கைவினைப் போட்டிகள் நடைபெறுகின்றன. மறுநாள் வெளியாகும் செய்தியில் சிறப்பு விருந்தினரின் பெயரும் நன்கொடையாளரின் பெயரும் பட்டங்களோடு இடம்பெறும். பரிசு பெற்ற மூவரின் பெயரும் இருக்கும். ஏனையோர் 'திரளானோர் ஆர்வத்துடன் பங்கேற்றனர்' என்னும் ஒற்றை வரிக்குள் அடங்கிவிடுவர். அவர்கள் படைத்தவற்றின் நிழற்படங்களோ பெயரின்றி விழா மலரை அழகுசெய்யும்.

நடுவர்முன் பெயரை மறைத்து எண் மட்டும் இடுவது நியாயமே. சாதி, பால், துறை, தெரிந்தவர் என்னும் சாய்வு ஆகியவற்றிலிருந்து மதிப்பீட்டைக் காக்க அது தேவை. ஆய்விதழ்கள் பலவும் மதிப்பாய்வின்போது கட்டுரையாளர் பெயரை மறைக்கின்றன. ஆனால் வெளியிடும்போது பெயரை முதற்பக்கத்திலேயே அச்சிடுகின்றன. முடிவு அறிவிக்கப்பட்ட கணத்தில் மறைப்பின் பயன் தீர்ந்துவிடுகிறது. அதன் பின்னும் அது தொடர்ந்தால் நடுநிலை என்று அதற்குப் பெயரில்லை. புறக்கணிப்பு என்றே பெயர்.

சட்டமும் இத்திசையையே காட்டுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கலைநயமிக்க கைவினைப் பொருளையும் கலைப்படைப்பு என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. பதிப்புரிமையைப் பிறருக்கு எழுதிக்கொடுத்த பின்னரும் 'இது என் படைப்பு' என உரிமை கோரும் தகுதி படைத்தவருக்கு உண்டு என்கிறது அதன் 57ஆம் பிரிவு. விஞ்ஞான் பவனிலிருந்து அகற்றப்பட்ட தம் சுவர்ச்சிற்பத்திற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இப்பிரிவுக்கு வலுச்சேர்த்தது. ஆகவே, 'படைப்புகள் அமைப்பாளர்க்கே உரியவை' என நுழைவுப் படிவத்தில் அச்சிட்டுவிட்டால் மட்டும் படைத்தவர் பெயரை விட்டுவிடும் உரிமை வந்துவிடாது.

எல்லோர் பெயரையும் வெளியிட்டால் பரிசின் மதிப்புக் குறையாதா என்பர் சிலர். தரவரிசை வேறு, படைத்தவரைச் சுட்டுதல் வேறு. கேரளப் பள்ளிகளின் பணி அனுபவக் கண்காட்சிகளில் மாணவர்கள் கயிற்று மிதியடி, குடை முதலியவற்றைக் குறித்த நேரத்திற்குள் அங்கேயே செய்து காட்டுகின்றனர். உரிய தரத்தை எட்டியவர்களுக்குத் தகுதிநிலை வழங்கப்படுகிறது. ஒருவருடைய உயர்வு மற்றவரை இல்லாதவராக்குவதில்லை.

ரங்கோலி மாலைக்குள் கலைந்துவிடும். எஞ்சுவது நிழற்படமும் அதன்கீழ் உள்ள பெயரும் மட்டுமே. வீட்டு வாசலில் தலைமுறை தலைமுறையாகப் பெயரின்றிக் கோலமிட்ட பெண்கள், பொதுமேடைக்கு வந்த பின்னும் பெயரற்றவர்களாகவே திரும்புவது முறையன்று.

செய்யவேண்டியவை எளியவை. மதிப்பீட்டு அளவுகோலை முன்கூட்டியே அறிவிக்கலாம். மறுப்புத் தெரிவிக்காத பங்கேற்பாளர் அனைவரின் பெயரையும் வெளியிடலாம். குழுப்படைப்பில் தலைவரை மட்டுமன்றி ஒவ்வொருவரையும் குறிப்பிடலாம். இவற்றுக்குத் தனிநிதி வேண்டியதில்லை; அழைப்பிதழில் விருந்தினர் பெயரைப் பிழையின்றி அச்சிடக் காட்டும் அக்கறையே போதும்.