எடிட் மேசையில் யார் உட்காருகிறார்கள்?

காட்சித் தொடர்பியல் மாணவர்களின் குறும்படங்கள் திரையிடப்படும்போது, கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்திப் படித்துப் பாருங்கள். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று வரும் பெயர்கள் ஒரு ரகம். 'தயாரிப்பு உதவி', 'கலை உதவி', 'நன்றி' என்று வரும் பெயர்கள் இன்னொரு ரகம். முனைவர் பட்ட ஆய்வுக்கு நடுவே இளங்கலை செய்முறை வகுப்புகளுக்கு உதவி செய்து வருகிறேன். யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே ஓரளவு சொல்லிவிடலாம். கேமரா வைத்திருப்பவர் ஒளிப்பதிவாளர். கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வைத்திருப்பவர் எடிட்டர். மிச்சமிருப்பவர்கள் லைட் ஸ்டாண்ட் தூக்குவார்கள், சாப்பாடு வாங்கி வருவார்கள், படப்பிடிப்புக்குத் தங்கள் தெருவையும் வீட்டையும் ஏற்பாடு செய்து தருவார்கள்.

யாரும் சாதியைக் கேட்டு இந்த வேலைகளைப் பிரிப்பதில்லை. கேட்கத் தேவையில்லை என்பதுதான் சிக்கல். நிலமும் நகையும் சேமிப்பும் தலைமுறைகளாக எந்த வீடுகளில் தங்கினவோ, அந்த வீடுகளிலிருந்துதான் மகனுக்கோ மகளுக்கோ முதலாண்டிலேயே கேமரா வருகிறது. அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில், சாதியை வெறும் வேலைப் பிரிவினை என்று நியாயப்படுத்தியவர்களுக்குப் பதில் சொன்னார். வேலையோடு சேர்த்து மனிதர்களையும் அது அடுக்கி வைக்கிறது என்பது அவருடைய வாதம். குழுச் செயல்திட்டம் என்ற பெயரில் நம் துறைகளில் நடப்பதும் அதன் சின்ன வடிவம்தான். மதிப்பெண் குழுவுக்குப் பொதுவாகப் போய்விடும், கைப்பழக்கம் ஒருவருக்கு மட்டும் சேரும். மூன்றாண்டு முடிவில் ஒருவர் பத்துப் படங்களை வெட்டிப் பழகியிருப்பார். இன்னொருவர் டைம்லைனைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். பட்டம் இருவருக்கும் ஒன்றுதான். வேலைக்குப் போனால் கேட்பது ஷோரீலை.

'இப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது, படமும் பிடிக்கலாம். எடிட்டிங் என்று வரும்போதுதான் மாட்டிக்கொள்வோம். 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் என்னைப் போன்ற எத்தனையோ பேருக்கு முதல் கணினியைக் கொடுத்தது. ஆனால் அந்த வகைக் கணினியில் 4கே காட்சியை ஓடவிட்டால் படம் நின்று நின்று வரும். மாணவர் 'என் லேப்டாப் தாங்காது' என்று ஒதுங்கிவிடுவார். தாங்கும், ப்ராக்ஸி செய்யத் தெரிந்தால். கனமான ஃபைல்களுக்கு 720பி அளவில் இலேசான நகல்களை உருவாக்கி, அவற்றை வைத்து முழுப் படத்தையும் வெட்டி, கடைசியில் மூலத்தோடு இணைத்து வெளியே எடுப்பதுதான் ப்ராக்ஸி. கேடென்லைவ் இலவசம், டாவின்சி ரிசால்வுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. முதலாவது பழைய கணினியிலும் ஓடும். அரைநாளில் சொல்லித் தரக்கூடிய பாடம் இது. நான் பார்த்த வரையில் பாடத்திட்டத்தில் ஐசன்ஸ்டீனின் மாண்டேஜ் கோட்பாடு தவறாமல் இருக்கிறது, ப்ராக்ஸி இல்லை. ஐசன்ஸ்டீன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓடாத கணினியில் அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கற்றுத்தரப்படுவதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. வெளிச்ச அளவைக் காட்டும் ஸீப்ரா கோடுகளை முகத்துக்கு 70 சதவீதத்தில் வைக்கச் சொல்லும் ஒரு பழைய விதி இன்னும் கைமாறி வருகிறது. அது வெளிர்நிறத் தோலுக்கான கணக்கு. கறுத்த முகத்தை அந்த அளவுக்கு ஏற்றினால் பின்னணி வெளுத்துப்போகும், தோலும் தன் நிறத்தை இழக்கும். கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். அந்த முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று அர்த்தம். மரச்சாமான், சாக்லேட் நிறுவனங்கள் தங்கள் பொருளின் பழுப்பு சரியாக வரவில்லை என்று முறையிட்டதுதான் ஃபிலிமை மாற்றத் தூண்டியது என்று லோர்னா ராத்தின் ஆய்வு பதிவு செய்கிறது. நம் வகுப்பில் பெரும்பாலானவர்களின் தோல் அந்த அட்டையில் இல்லாத தோல். முதல் செய்முறை வகுப்பே நம் முகங்களுக்கு வெளிச்சம் வைப்பதாக இருந்தால் என்ன?

எடிட் மேசையில் யார் உட்காருகிறார்கள் என்பது வேலைவாய்ப்போடு முடிந்துவிடும் கேள்வியும் அல்ல. ஆண்டுதோறும் ஒரு குழுவாவது தூய்மைப் பணியாளர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும். நல்ல நோக்கம்தான். அப்படி ஒரு குழு எடுத்த ஃபுட்டேஜை முழுதாகப் பார்த்தேன். ஓர் அக்கா நாற்பது நிமிடங்களுக்கு மேல் பேசியிருந்தார். ஒப்பந்ததாரர் பிடித்துக்கொள்ளும் பி.எஃப். பணம் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றார். கையுறை கேட்டால் மேஸ்திரி சொல்லும் பதிலை அவர் குரலிலேயே நடித்துக் காட்டிச் சிரித்தார். இந்த வேலைக்கு ஏன் எங்கள் தெருக்காரர்களை மட்டும் கூப்பிடுகிறார்கள் என்று கேமராவைப் பார்த்தே கேட்டார். முடிந்த படத்தில் இவை எதுவும் இல்லை. மகனின் படிப்பைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கிய அரை நிமிடம் இருந்தது. அதன் மேல் ஸ்லோமோஷன், புல்லாங்குழல். ஒப்பந்ததாரர் தப்பிவிட்டார், மேஸ்திரி தப்பிவிட்டார், சாதியும் தப்பிவிட்டது. பார்வையாளருக்கு மிஞ்சியது பரிதாபம்.

வெட்டியவர் கெட்டவர் இல்லை. பி.எஃப். கணக்கு அவருக்குச் சலிப்பான தகவலாகப் பட்டிருக்கிறது, கண்ணீர் 'வலுவான ஷாட்'டாகப் பட்டிருக்கிறது. அதே குழுவில், அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியில் இருக்கும் ஒரு தம்பியும் இருந்தார். பேட்டிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். எடிட்டில் அவரை உட்கார வைக்கவில்லை.

ஆர்.பி.அமுதனின் 'பீ' (2003) மதுரைத் தெரு ஒன்றைச் சுத்தம் செய்யும் ஒரு பெண்ணின் வேலையைப் பின்தொடர்கிறது. திவ்ய பாரதியின் 'கக்கூஸ்' (2017), கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கும்போதே அந்த வேலையும் சாவும் தொடர்வதைத் தொழிலாளர்களின் வாயாலேயே சொல்ல வைக்கிறது. திவ்ய பாரதி இடதுசாரி இயக்கத்திலிருந்து வந்தவர். அந்தப் படத்தின் திரையிடல்களுக்குக் காவல்துறை தடை போட்டது. தொழில்நுட்ப நேர்த்தியில் அதைவிட மெருகான மாணவர் படங்கள் உண்டு. அவற்றைக் கண்டு எந்த அதிகாரியும் பதறியதில்லை.

அதனால் துறைகளிடம் நான் கேட்பது பெரிய செலவில்லாத ஒன்று. ஒரு குழுவின் ஃபுட்டேஜை அந்தக் குழுவில் உள்ள ஐந்து பேருக்கும் கொடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக ஐந்து நிமிடப் படம் வெட்டட்டும், அதற்குத் தனி மதிப்பெண் போடுங்கள். ஐந்தையும் வரிசையாகத் திரையிட்டால், யார் எதை வைத்துக்கொண்டார்கள், யார் எதை எறிந்தார்கள் என்பது வகுப்புக்கே தெரியும். சாதியைப் பற்றி வகுப்பறையில் எப்படிப் பேசுவது என்று தயங்கும் ஆசிரியர்களுக்கும் அங்கே ஒரு தொடக்கம் கிடைக்கும். மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும் லேப் இரவு ஒன்பது வரை திறந்திருக்க வேண்டும், விடுதி மாணவர்களுக்கு வேறு இடம் கிடையாது. கேமரா எடுக்க முன்பணம் கேட்பதையும் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, படம் முடிந்த பிறகு ஃபுட்டேஜ் என்ன ஆகிறது என்பது. டிஸ்க்கில் இடம் வேண்டும் என்று பெரும்பாலும் அழித்துவிடுகிறார்கள். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணியின் மீது காவல்துறை தாக்குதல் நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். அன்று யாரோ நிறுத்தாமல் பதிவு செய்த வீடியோக் காட்சிகளும், ஆர்.ஆர்.சீனிவாசனின் 'நதியின் மரணம்' படமும் இருப்பதால்தான் அரசுத் தரப்பு விளக்கத்தை இன்றும் கேள்வி கேட்க முடிகிறது. அந்த அக்காவின் நாற்பது நிமிடமும் அப்படிப்பட்ட பதிவுதான். அவருடைய சம்மதத்தோடு அது துறையில் பாதுகாக்கப்பட வேண்டும், அவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் வாங்க நிதி இல்லை என்று பதில் வரும். ஒரு கருத்தரங்கில் சால்வைக்கும் பூங்கொத்துக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகும் பில்லை அடுத்த முறை வாங்கிப் பாருங்கள் தோழர்களே.