பட்டா இல்லாதவர் இழந்தது எந்தக் கணக்கில்?

தோழர்களே, பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரங்களில் டேனரிக் கழிவுநீர் பாய்ந்த வயல்களை நாங்கள் நடந்து பார்த்திருக்கிறோம். மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. பயிர் நின்ற இடத்தில் சீமைக் கருவேலம் நிற்கிறது.

பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்புப் போடுகிறார்கள். ஆலையில் தோலைக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரோடு வெளியேறுகிறது. உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. இலை நுனி கருகும். சோடியம் மண்ணின் கட்டமைப்பைச் சிதைத்துவிடும். நனைந்தால் சேறு, காய்ந்தால் பாறை. பதனிடும் குரோமியமோ வேரின் வளர்ச்சியைக் கெடுக்கும். சாதாரண சுத்திகரிப்பில் குரோமியத்தைப் படிய வைக்கலாம், கரைந்த உப்பை எடுக்க முடியாது.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் மாவட்ட டேனரிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக அத்தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக ஏற்றதும் அத்தீர்ப்புதான்.

நிலத்துக்கு இழப்பீடு என்றால் பட்டா, சிட்டா, சர்வே எண் கேட்பார்கள். மண் செத்தால் நிலக்காரருக்கு விளைச்சல் போகிறது. அதே மண்ணில் நட்டு, களையெடுத்து, அறுத்த சேரிப் பெண்ணுக்குக் கூலி போகிறது. ஆட்டுக்கு மேய்ச்சல் போகிறது. இதற்கெல்லாம் எந்த சர்வே எண்?

வயல் வேலை போனபின் அவள் மகன் அதே டேனரியின் சுண்ணாம்புத் தொட்டிக்குப் போகிறான். தோலைத் தீட்டு என்று ஒதுக்கிய சாதிதான் அந்த வேலையை நம் தலையில் கட்டியது. அதனால் 'ஆலையை மூடு' என்பதோடு நாம் நிறுத்திக்கொள்ள முடியாது. வேலையும் பாதுகாப்பாக வேண்டும், மண்ணும் மீள வேண்டும்.

பாதிக்கப்பட்ட 'தனிநபர்களையும் குடும்பங்களையும்' கண்டறியச் சொன்னது 1996 தீர்ப்பு. நில உரிமையாளரை மட்டும் என்று அது சொல்லவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்து, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது.

மாணவத் தோழர்களே, நோட்டோடு காலனிக்குப் போங்கள். எந்த ஆண்டு வயல் வேலை நின்றது, எந்தக் கிணறு உவர்த்தது, எத்தனை நாள் கூலி போனது என்று வீடுவீடாக எழுதுங்கள். நாம் எழுதாவிட்டால் அந்த இழப்பு எந்த அலுவலகக் கோப்பிலும் ஏறாது.