யாரோடு சாப்பிடுகிறாய்?

விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு பக்கத்துக் கரிசல் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி கோவில்பட்டிக் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகளில் பலர், வீட்டின் முதல் பட்டதாரிகள். கல்லூரிகளின் தரத்தை அளக்கும் 'நாக்' மதிப்பீட்டுக்காக அவர்களிடம் நடத்தும் மாணவர் கருத்தாய்வு, பெரும்பாலும் பாடம் நடத்துவதைப் பற்றியே கேட்கிறது. மதியம் யாரோடு சாப்பிடுகிறாய், ஊர்ப்பெயரைச் சொன்னதும் யாராவது முகம் மாறினார்களா என்று கேட்பதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரைச் சாதி வெறியில் வீடு புகுந்து சக மாணவர்களே வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மாணவர்கள் கையில் கட்டும் சாதிக்கயிறுகளுக்குத் தடை கேட்டது. சரிதான், வேண்டியதுதான். ஆனால் கயிறு இல்லாத கையோடும் ஒருவரை ஒதுக்க முடியுமே! கல்லூரிகளே, பெயர் எழுதாத தாளில், பருவத்துக்கொரு முறை இந்தக் கேள்விகளையும் கேளுங்கள். மொத்தச் சராசரி மட்டும் போடாதீர்கள். கடைசி பெஞ்சில் தனித்திருக்கும் நாலு பிள்ளைகள் அதில் காணாமல் போவார்கள்.