கருஞ்சிறுத்தையும் அதன் மஞ்சட் சுற்றமும்

2020ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி, நல்லதண்ணியை அடுத்த இலக்சபானத் தோட்டத்து வாழைமலைப் பிரிவிலே, காட்டுப் பன்றிக்கென வைத்த சுருக்குக் கம்பியில் கருஞ்சிறுத்தையொன்று அகப்பட்டது. மீட்கப்பட்ட அது உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டு, 29ஆம் திகதி இறந்தது. இவ்விலங்கு இலங்கையில் இனி இல்லையென்றே பலர் எண்ணியிருக்க, 2019இலே வனசீவராசிகள் திணைக்களத்தின் தானியங்கிக் கமராவில் ஒன்று உயிரோடு தோன்றியிருந்தது. அந்த மகிழ்ச்சி ஆறுமுன்னரே இச்சாவு வந்தமையால், நாடே துயருற்றது.

அத்துயரம் போலியன்று. ஆயினும் அதனடியில் ஒரு பிழையான எண்ணம் கிடக்கிறது. கருஞ்சிறுத்தை தனியானதோர் இனம், அதன் குலமே அற்றுப்போயிற்று என்று கருதியோர் நம்மிடையே பலர். கற்றோரும் இதற்கு விலக்கல்லர்.

மலையகத்தார் நன்கறிந்த ஒரு பிராணியைக் கொண்டே இதனை விளக்கலாம். துரை பங்களாக்களிற் காவலிருந்த அல்சேஷன் நாயை அறியாதார் யார்? முதுகு கறுத்து, காலும் வயிறும் பழுப்பாயிருக்கும் தாய்க்கும் தந்தைக்கும், சிலவேளை முழுக்கறுப்பான குட்டி பிறப்பதுண்டு. விடயம் அறியாதவர் பக்கத்து லயத்து நாயின்மீது பழிபோட்டிருப்பர். அந்த நாய் பாவம், குற்றமற்றது. அல்சேஷனின் இக்கறுப்பு, அகூட்டி எனப்படும் பரம்பரை அலகில் நேர்ந்த விகாரத்தால் விளைவதென 2004இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. அகூட்டிப் புரதம் மயிரின் நிறக்கலங்களுக்கு, கறுப்பை நிறுத்தி மஞ்சளை ஆக்குமாறு ஏவல் விடுப்பது. அப்புரதம் பழுதுபட்டால் ஏவல் நின்றுவிடும். மயிர் முழுதும் கறுப்பாகும். ஆனால் இக்கறுப்பு பின்னிடைவான இயல்பு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் பழுதாய் வந்தாலன்றி அது வெளிப்படாது. ஒரு பிரதியை மாத்திரம் சுமக்கும் நாய், தோற்றத்தில் ஏனைய பழுப்பு நாய்களைப் போலவே திரியும். (லாப்ரடோர் நாயின் கறுப்போ வேறோர் அலகினால் வருவது, அது ஆட்சியான இயல்பாதலால் ஒரு பிரதியே போதும். ஒரே நிறம், இருவேறு வழி.)

சிறுத்தையின் கறுப்பும் அல்சேஷனின் கறுப்பைப் போன்றதே. 2012இல் வெளியான ஆய்வொன்று, அதே அகூட்டி அலகில் ஓர் எழுத்து மாறியமையால் புரதம் முற்றுப்பெறாமல் இடையிலே அறுந்துபோவதைக் கண்டது. ஆகவே மறைவாய் ஒரு பிரதியைச் சுமக்கும் இரு மஞ்சட் சிறுத்தைகள் கூடினால், சராசரியாக நான்கு குட்டிகளுள் ஒன்று கறுப்பாகும். இரண்டு மஞ்சளாகவே பிறந்து கறுப்பைச் சுமக்கும். கருஞ்சிறுத்தையை நல்வெயிலிற் பார்த்தால் அதன் உடலிலும் புள்ளிகள் தெரியும். இனம் ஒன்றே, மேற்போர்வைதான் வேறு.

இதிலிருந்து பெறப்படுவது யாது? வாழைமலையில் இறந்த விலங்கின் தாயும் தந்தையும் தத்தமக்குள் அவ்வெழுத்தை வைத்திருந்தன. அவை மஞ்சளாய் இருந்திருக்கலாம், உடன்பிறந்தனவும் அவ்வாறே. மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ மஞ்சட் சிறுத்தையொன்று கம்பியில் மாளும்போது, அடுத்த கருஞ்சிறுத்தைக்குரிய எழுத்தும் அதனோடு மாண்டிருக்கக்கூடும். ஆனால் அச்செய்திக்கு உட்பக்கத்தில் நாலுவரிதான் கிடைக்கிறது. அந்நாலுவரியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவர்களுள் நானும் ஒருவன். கறுப்புக்கு அழுத கண் புள்ளிக்கு நனையவில்லை.

கம்பியோ நிறமறியாது. மலையகத்திற் சிறுத்தை வாழ்வது பெருங்காட்டில் மட்டுமன்று. தேயிலைக்கிடையே மிஞ்சிய சோலைத் துண்டுகளிலும், ஆற்றோரப் பற்றைகளிலுமே. அங்கிருந்து நாயைத் தேடி லயத்தின் கோடிவரை இறங்குகிறது. பன்றியும் அதே வழியாற் கிழங்குப் பாத்திக்கு வருகிறது. நாட்கூலியோடு கைப்பிடி மரக்கறியையும் சேர்த்துத்தான் அடுப்பெரியும் வீட்டில், ஓரிரவிற் பாத்தி உழப்படுவது சிறு இழப்பன்று. பழைய கம்பிக்கோ காசில்லை. கம்பி வைத்தவனைப் பிடிப்பது சட்டத்தின் வேலை. அதைக் குறை கூறேன். ஆயினும் பாத்தியைக் காக்க வேறுவழி காட்டாமல் விலங்கு மட்டும் வேலியறிந்து நடக்கவேண்டுமென எதிர்பார்ப்பது எனக்கு நேர்மையாகத் தோன்றவில்லை. தோட்ட நிருவாகங்கள் தேயிலைக்குச் செலவிடுவதில் ஒரு சிறுபகுதியை லயத்துப் பாத்திகளின் வேலிக்குச் செலவிட்டால், கம்பியின் தேவை பாதியாய்க் குறையும் என்பது என் கணிப்பு.

2021 முதல் ஆகஸ்ட் முதலாந் திகதி இலங்கையிற் சிறுத்தை தினமாகக் குறிக்கப்படுகிறது. அத்தினத்திற் கருஞ்சிறுத்தையின் படத்தைப் பாடசாலைச் சுவரில் ஒட்டும் ஆசிரியர்கள், அதனருகே புள்ளிச் சிறுத்தைகள் இரண்டின் படத்தையும் ஒட்டி, பெற்றோர் எனக் கீழே எழுதலாம். சாதிநாய் வளர்ப்போர் இன்று நாயின் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றியெடுத்து அனுப்பி, அது கறுப்பைச் சுமக்கிறதா என அறிந்துகொள்கின்றனர். சிறுத்தையின் எச்சத்திலும் உதிர்ந்த மயிரிலும் அதே எழுத்தை வாசிக்க இயலும். சுருக்கில் இறந்த ஒவ்வொரு மஞ்சட் சிறுத்தையையும் புதைக்குமுன் விரலளவு தோலை எடுத்து வைத்தாற்கூட, எவ்வெம்மலைகளில் அக்கறுப்பு இன்னும் மறைந்து உலவுகிறதென்று நம் மாணவர்களே ஒரு நாள் வரைபடம் வரைந்துவிடுவர்.