'எங்க ஊருக்கு வேண்டாம்!' - 140 வீடுகளுக்கு 30 ஆண்டு இழுபறி. கட்டி முடித்த பிறகு நடந்தது என்ன?

"குற்றம் பெருகும், வீட்டு விலை சரியும், வரி ஏறும், ஸ்கூல்ல இடம் இருக்காது."

மலிவு விலைக் குடியிருப்பு ஒன்று ஊருக்குள் வரப்போகிறது என்றால், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் முதலில் எழும் குரல்கள் இவைதான். 2024 மார்ச்சில் வந்த புதிய சட்டத்தால் இந்தச் சண்டை மறுபடியும் சூடுபிடித்திருக்கிறது. சரி, இந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது? இதைச் சோதித்துப் பார்த்த ஊர் ஒன்று அதே மாநிலத்தில் இருக்கிறது. பெயர் மவுன்ட் லாரல்.

மவுன்ட் லாரலில் என்ன பிரச்னை?

பிலடெல்பியா நகருக்கு அருகே இருக்கும் இந்த ஊர், ஒரு காலத்தில் விவசாய பூமி. கறுப்பினக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கே வாழ்ந்து வந்தன. 1960களில் நகரம் விரிந்தபோது நிலத்தின் விலை எகிறியது. ஏழைகள் இருந்த பழைய வீடுகளோ 'வாழத் தகுதியற்றவை' என்று ஒவ்வொன்றாகக் காலி செய்யப்பட்டன.

சொந்த ஊரிலேயே இருக்க அவர்கள் கேட்டது வெறும் 36 வீடுகள். நகராட்சி மறுத்துவிட்டது. 'இங்கே வாழ வசதி இல்லையென்றால் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான்' என்ற அர்த்தத்தில் 1970ல் அன்றைய மேயர் பேசியது இன்றுவரை பேசப்படுகிறது.

எத்தல் லாரன்ஸ் என்ற பெண் விடவில்லை. 1971ல் வழக்கு தொடரப்பட்டது. அவர் அதன் முக்கிய மனுதாரரானார்.

தடை எங்கே இருந்தது?

'ஏழைகள் வரக் கூடாது' என்று எந்த விதியிலும் எழுதப்படவில்லை. நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் விதிகளில்தான் சூட்சுமம். தனி வீடு மட்டும்தான் கட்டலாம், அதற்கும் பெரிய மனை வேண்டும் என்றது நகராட்சி. ஊரின் 29 சதவீத நிலம் தொழிற்சாலைகளுக்கு ஒதுக்கப்பட்டு, பெரும்பகுதி சும்மா கிடந்தது.

விதிவிலக்காக அனுமதித்த சில திட்டங்களிலும் ஒரு நிபந்தனை. அடுக்குமாடி வீட்டுக்குச் சராசரியாக 0.3 பள்ளிக் குழந்தைக்கு மேல் சேர்ந்தால், அதாவது 10 வீட்டுக்கு 3 பிள்ளைகளைத் தாண்டினால், கூடுதல் பிள்ளைகளின் படிப்புச் செலவை பில்டரே கட்ட வேண்டும். நியூ ஜெர்சியில் பள்ளிகள் பெருமளவு நம்பியிருப்பது உள்ளூர் சொத்து வரியை. அதனால்தான் புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையும் அங்கே ஒரு செலவுக் கணக்காகப் பார்க்கப்படுகிறது.

நீதிமன்றம் என்ன சொன்னது?

வளர்ந்துவரும் ஒவ்வொரு ஊரும், தன் வட்டாரத்துக்குத் தேவையான மலிவு விலை வீடுகளில் நியாயமான பங்குக்கு வழி விட வேண்டும் என்று 1975ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர்கள் அசையவில்லை. 1983ல் இரண்டாவது தீர்ப்பு வந்தது. பங்கைத் தர மறுக்கும் ஊரில், நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி வாங்கிக் கட்ட பில்டர்களுக்கு வழி திறந்தது.

அப்படியும் மவுன்ட் லாரலில் முதல் குடும்பங்கள் குடியேற 2000ம் ஆண்டு ஆகிவிட்டது. 2004க்குள் மொத்தம் 140 வீடுகள். குடியிருப்புக்கு வைத்த பெயர் 'எத்தல் லாரன்ஸ் ஹோம்ஸ்'. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை, 1994லேயே காலமாகிவிட்டார்.

பயந்தது நடந்ததா?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி தலைமையிலான குழு இதை ஆராய்ந்து 2013ல் புத்தகமாக வெளியிட்டது. குடியிருப்பு வருவதற்கு முன்பும் பின்பும் குற்றங்கள், வீட்டு விலை, வரி எப்படி இருந்தன என்று எடுத்து, பக்கத்து ஊர்களோடும் ஒப்பிட்டார்கள். குடியிருப்பு வந்ததால் இந்த மூன்றிலும் பாதிப்பு ஏற்பட்டதாகத் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் வசித்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு, அப்படியொரு குடியிருப்பு அங்கே இருப்பதே தெரியவில்லை!

வீடு கிடைத்தவர்களின் வருமானம், விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால் கூடியிருந்தது. பிள்ளைகளுக்கும் நல்ல பள்ளி கிடைத்தது.

அப்போ எதிர்ப்பவர்கள் சொல்வது எல்லாமே தப்பா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. மவுன்ட் லாரலில் வந்தது நன்றாகப் பராமரிக்கப்பட்ட 140 வீடுகள். இன்று பல ஊர்களில் சண்டை, அதைவிடப் பல மடங்கு பெரிய திட்டங்களைப் பற்றியது.

இவ்வளவு பெரிதாக வரக் காரணம் ஒரு எளிய கணக்கு. தனியார் திட்டங்களில் பொதுவாக 20 சதவீத வீடுகள் மட்டுமே மலிவு விலைக்கு. மீதி 80 சதவீதம் சந்தை விலையில் போகும். அந்த லாபத்தில்தான் மலிவு வீடுகளின் செலவு ஈடாகிறது. இந்த வழியில் 100 மலிவு வீடுகள் வேண்டுமென்றால், ஊருக்குள் 500 வீடுகள் எழும்பும். போக்குவரத்து, சாக்கடை, பள்ளி பற்றிய கேள்விகள் இங்கே நியாயமானவை. ஆனால் அந்த நெரிசலில் ஐந்தில் நான்கு பங்கு, சந்தை விலை கொடுத்து வருபவர்களால்தான்.

புதிய சட்டம் என்ன மாற்றியது?

2025 முதல் 2035 வரை எந்த ஊரின் பங்கு எவ்வளவு என்பதை மாநில அரசே கணக்கிட்டது. மொத்தம் 84,000க்கும் மேற்பட்ட புதிய வீடுகள். மான்ட்வேல் தலைமையில் பல ஊர்கள் இதை எதிர்த்து நீதிமன்றம் போயின. பெரிய நகரங்கள் சிலவற்றுக்கு விலக்கு கொடுத்துவிட்டு, சுமையை எங்கள் தலையில் கட்டுவதா என்பது அவற்றின் வாதங்களில் ஒன்று.

ஊர் மக்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. திட்டம் போட்டு ஒப்புதல் வாங்கிய ஊருக்கு, பில்டர்களின் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. எங்கே கட்டுவது, எத்தனை மாடி, சாலை எந்தப் பக்கம் என்பதில் அந்த ஊரின் பேச்சு எடுபடும். 'எதுவுமே வேண்டாம்' என்று நிற்கும் ஊரோ, அந்த முடிவுகளை நீதிமன்றத்திடமும் பில்டரிடமும் விட்டுக்கொடுக்கும் அபாயத்தில் இருக்கிறது.