ஒன்பது பேர் கடை

தொழிலாளர் சட்டம் மாறிவிட்டது, இனிமேல் சின்னக் கடை வைத்துப் பிழைக்க முடியாது என்று எங்கள் ஊர்க் கடைவீதியில் ஒரே புலம்பல். புலம்புகிறவர்களில் பாதிப் பேர் நம் வயதுக்காரர்கள். வியாபாரத்தை மகனிடம் கொடுத்துவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

29 மத்தியச் சட்டங்களைச் சேர்த்து 4 தொகுப்புகளாக நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஊதியத் தொகுப்பு 2019இல் நிறைவேறியது, மற்ற மூன்றும் 2020இல். பல வருடம் கிடப்பில் இருந்துவிட்டு 2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. புது விதிகள் வரும்வரை பழைய விதிகளே தொடரும் என்று அரசு சொன்னது. இதைக் கேட்டுவிட்டு, 'இன்னும் ஒன்றும் வரவில்லை சார்' என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். சட்டம் வந்துவிட்டது ஐயா. விதிகளைக் காட்டி எத்தனை நாள் தள்ளிப்போட முடியும்?

முப்பது வருடத்துக்கு மேல் சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு எழுதியவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நம் ஊர் முதலாளிகளுக்கு 9 என்ற எண் மேல் தனிக் காதல். பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ., பத்துப் பேர் ஆனால் கிராஜுவிட்டி, இருபது பேர் ஆனால் பி.எஃப்., போனஸ். அதனால் கடை எவ்வளவு வளர்ந்தாலும் வருகைப் பதிவேட்டில் ஆள் வளர மாட்டார்கள். பதினான்கு பேர் நிற்பார்கள், பேரேட்டில் ஒன்பது பேர் இருப்பார்கள். மீதிப் பேர் 'உறவுக்காரப் பையன்', 'சும்மா வந்து போகிறவன்', 'நேற்றுத்தான் சேர்ந்தான்'. ஒரே கூரை, ஒரே கல்லா, ஆனால் முன்பக்கம் அப்பா பெயரில் ஒரு போர்டு, பின்பக்கம் மருமகள் பெயரில் ஒரு போர்டு. கிளைகளும் பிரிவுகளும் சேர்ந்து ஒரே நிறுவனம்தான் என்று 1952ஆம் வருடத்து பி.எஃப். சட்டமே சொல்லிவிட்டது. போர்டை மாற்றினால் சட்டம் மாறாது.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் ஒருமுறை வந்துவிட்டால், அப்புறம் ஆள் குறைந்தாலும் போகாது. பத்தாவது ஆளைச் சேர்ப்பது திரும்பி வர முடியாத கதவு என்று நினைக்கிறார்கள். சரி, அந்தக் கதவுக்குப் பின்னால் எவ்வளவு செலவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நான் போட்டுக் காட்டுகிறேன்.

மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஓர் ஆள். இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். இந்த 480 ரூபாயில் அந்த ஆளுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம், படுத்துவிட்டால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம், பெண்ணாக இருந்தால் 26 வாரப் பேறுகால உதவி. கிராஜுவிட்டி என்பது ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாக வைத்தால் வருடத்துக்கு 6,923 ரூபாய். மாதாமாதம் எடுத்து வைத்தால் 577 ரூபாய். முதலாளி கையிலிருந்து இரண்டும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. கடை வாசலில் தீபாவளிக்குப் போடும் சீரியல் செட்டுக்கு யோசிக்காத நாம் இதற்கு ஆடிட்டரைக் கூப்பிட்டு வழி கேட்கிறோம்.

மிச்சம் பிடித்ததாக நினைக்கும் பணமும் நிற்பதில்லை. கடைப்பையன் மனைவி ஆஸ்பத்திரியில் என்றால் முதலாளிதான் ஐம்பதாயிரம் முன்பணம் கொடுக்கிறார். அது அடைபடாது. அவனும் போக முடியாது, இவரும் விட முடியாது. பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான் என்று இவரே வந்து நம்மிடம் அழுவார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு ஜவுளிக்கடையில் 27 வருடம் புடவை விரித்துப் போட்டார். முகூர்த்த நாளில் காலை ஒன்பதுக்கு நின்றால் இரவு பத்துக்குத்தான் உட்காருவார். காலில் நரம்பு சுருண்டு நிற்க முடியாமல் போனதும், ஒரு வேட்டி சட்டையும் ஐயாயிரம் ரூபாயும் கொடுத்து அனுப்பினார்கள். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கேட்கப் போனால், வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி என்று அவரிடமே கேட்டார்கள். கடைசிச் சம்பளம் 12,000 என்று வைத்தால் அவருக்கு வர வேண்டியது 1,86,000 ரூபாய்க்கு மேல். இப்போது மகள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்.

தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் வந்தது 1947இல். ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அனுப்பக்கூடாது என்று அதில் இருக்கிறது. வாரம் ஒருநாள் விடுமுறை இருக்கிறது. நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021இல் அதில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஒரு ஸ்டூல் போட வைக்கவே சட்டம் தேவைப்பட்ட ஊர் இது. பழைய சட்டத்தையே மதிக்காதவர்கள் புதுச் சட்டம் பாரம் என்று சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

அரசாங்கத்தையும் விட மாட்டேன். 29 சட்டங்களைக் கலைத்து எழுதும்போது இந்தப் பத்து, இருபது கோடுகளை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. மின்சாரம் உள்ள இடத்தைத் தொழிற்சாலை என்று சொல்ல முன்பு 10 பேர் போதும், இப்போது 20 பேர் வேண்டும். எல்லோருக்கும் நியமனக் கடிதம் என்று விளம்பரம் செய்தார்கள். அந்தத் தொகுப்பைத் திறந்து பார்த்தால் பத்துத் தொழிலாளர்கள் இருந்தால்தான் அது நிறுவனமாம். ஒன்பது பேர் கடையில் ஒரு துண்டுக் காகிதத்துக்கும் வழியில்லை. சிறு முதலாளிக்குப் படிவம் நிரப்ப ஆள் இல்லை என்பதும் உண்மை. ஒரே பக்கத்தில், தமிழில், கடைக்காரர் தானே நிரப்புகிற மாதிரி ஒரு படிவம் கொடுக்க என்ன தடை?

ஆனால் ஊதியத் தொகுப்பில் போனஸ் தவிர மற்றதற்குத் தலைக்கணக்கு கிடையாது. ஓர் ஆள் இருந்தாலும் குறைந்தபட்சக் கூலி உண்டு. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். சம்பளம் தரவில்லை என்று ஒருவர் வழக்குப் போட்டால், கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான். பதிவேட்டில் பெயரே இல்லாத ஆளுக்குச் சம்பளம் கொடுத்ததை எப்படி நிரூபிப்பார்கள்? மறைத்து வைத்த அந்த ஐந்து பேர்தான் நாளைக்கு ஆபத்து.

பத்துப் பேர் இல்லாத கடையும், முதலாளியும் பெரும்பான்மை ஊழியர்களும் சம்மதித்தால், இ.எஸ்.ஐ.யில் சேரக் கேட்கலாம் என்று புதுத் தொகுப்பு வழி வைத்திருக்கிறது. ஆகவே கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவர்களே, மகனிடம் இன்று ராத்திரி மூன்று விஷயம் சொல்லுங்கள். கடையில் நிற்கிற எல்லோர் பெயரையும் சேர்ந்த தேதியோடு பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஆளுக்கு ஒரு நியமனக் கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். இந்த மாதத்திலிருந்தே ஆளுக்கு 577 ரூபாய் தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பான். கடையை அவனுக்குக் கொடுத்தது நீங்கள்தானே.