குறிகாட்டுவானோடு நின்றுவிடும் இலவச மருத்துவம்

நெடுந்தீவில் இரவு ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், வீட்டார் முதலில் கடலைப் பார்க்கிறார்கள். அடுத்துக் கையிலுள்ள காசை எண்ணுகிறார்கள். கடலை மாற்ற எவராலும் முடியாது. காசை எண்ணும் நிலையை அரசால் மாற்ற முடியும், மாற்றியே ஆகவேண்டும்.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் 1951இல் கட்டணம் நீக்கப்பட்டது. 2018 ஜூலையில், இந்திய நன்கொடையுடன் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் இயங்கும் 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை வடக்குக்கும் வந்தது. அதற்கும் ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தரைவழி உண்டு. வண்டி வாசலுக்கே வரும். ஆனால், குறிகாட்டுவான் இறங்குதுறையோடு பாதை முடிகிறது. அங்கிருந்து நயினாதீவுக்குச் சுமார் இருபது நிமிடம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் படகில் போகவேண்டும். அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கும் கடல்தான் வழி.

தீவு வைத்தியசாலைகளில் முதலுதவியும் பொதுச் சிகிச்சையும் கிடைக்கும். சத்திரசிகிச்சைக்கும் விசேட வைத்தியருக்கும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் வரவேண்டும். ஆபத்து வேளைகளில் கடற்படைப் படகுகள் பல உயிர்களைக் கரைசேர்த்திருக்கின்றன. அதற்கு நன்றி உண்டு. ஆயினும் அது உதவியே தவிர உரிமை ஆகாது. கடற்படைப் படகு கிடைக்காதபோது உள்ளூர்ப் படகொன்றுக்கு எண்ணெய் ஊற்றுவது யார்? துணைக்கு வந்தவரின் சாப்பாட்டுக்கும், துண்டு வெட்டியபின் வீடு திரும்புவதற்கும் காசு எங்கே?

தீவகத்தில் பலர் கடற்றொழிலை நம்பியவர்கள். சோளகமும் வாடையும் ஓங்கி அடிக்கும் நாட்களில் வள்ளம் இறங்காது; வருமானமும் இல்லை. பயணப் படகுகள் தடைப்படுவதும் அதே நாட்களில்தான். கடலைக் கடப்பது மிகக் கடினமாகும் வேளையில் கை முற்றாக வெறுமையாக இருக்கிறது. அப்போது காதுத்தோடு அடகுக்குப் போகிறது. அல்லது 'விடியட்டும் பார்ப்போம்' என்று வைத்தியம் தள்ளிப்போடப்படுகிறது. இரண்டாவதுதான் உயிரைக் குடிப்பது.

சிறு தொகை மக்களுக்காக இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் உதாரணம்: ஸ்கொட்லாந்தின் மலைநாட்டு, தீவுப் பகுதிகளில், வைத்தியசாலைக்குத் தரைவழியே முப்பது மைலுக்கு மேல் போகும் நோயாளர் பயணச் செலவைத் திரும்பக் கோரலாம். கடல்வழியென்றால் ஐந்து மைலைத் தாண்டினாலே போதும். கடல் மைலின் சுமை வேறு என்பதை அங்கே சட்டதிட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நெடுந்தீவான் வாங்கும் சீனியிலும் பெற்றோலிலும் கொழும்பாருக்குள்ள அதே வரிதான் அறவிடப்படுகிறது. சேவை மட்டும் ஏன் பாதிவழியில் நிற்கவேண்டும்?

நாம் கேட்பவை மூன்று. முதலாவது, 1990 சேவை கடலிலும் ஓடவேண்டும். படகைக் கையளித்துப் படம் எடுப்பதோடு கடமை முடிவதில்லை. ஓட்டி, மருத்துவ உதவியாளர், எண்ணெய், திருத்தவேலை அனைத்துக்கும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கவேண்டும். இரண்டாவது, மாற்றி அனுப்பப்படும் நோயாளிக்கும் துணைவருக்கும் போய்வரும் செலவை, துண்டு வெட்டும்போதே வைத்தியசாலை கையில் கொடுக்கவேண்டும். பிரதேச செயலகத்துக்கு அலையவிடக்கூடாது. மூன்றாவது, பெரியாஸ்பத்திரியில் உயிர் பிரிந்தால், உடலை ஊருக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பையும் அரசே ஏற்கவேண்டும். அழுதுகொண்டு இறங்குதுறையில் நிற்பவர்களைப் படகுக்கூலி பேசவைப்பது எந்த நாட்டுக்கும் அழகல்ல.

குறிகாட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையிலுள்ள கடல், அங்குள்ளவர்களுக்கு வைத்தியசாலை வீதி. வீதிக்கு நிதி ஒதுக்கும் அரசு, அந்த வீதியையும் தன் கணக்கில் எழுதட்டும்.